ஏறி இறங்கும் இன்ஜின்

செந்தட்டிவிளையில் செயின் டிராக்டர் கிளம்பிய அந்த வைகாசி வெள்ளிக்கிழமையிலிருந்து ஊரில் இருந்த அறுநூற்று நாற்பது பேருக்கும் நெஞ்சுத் துடிப்பு ஒன்றாகிப் போனது. இன்ஜின் வேகம் ஏறினால் ஊரின் துடிப்பு ஏறியது, இன்ஜின் இறங்கினால் ஊரும் இறங்கியது, இதைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஒன்றரை நாள் ஆனது, பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆனது, அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்பட்டுப் பேசவில்லை, குறைப்பட்டுத்தான் பேசினார்கள்.

அந்த டிராக்டர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தேரிக்காட்டைச் சமப்படுத்திக் கொல்லாமரம் என்கிற முந்திரி நடுவதற்காக, இரும்புப் பட்டைகள்மேல் ஊர்ந்து போகும் அந்த வண்டியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். தேரி என்றால் சிவப்பு மணல் மேடு. மற்ற மாதங்களில் மலையாட்டம் அசையாமல் கிடக்கும், ஆடிக்காற்று அடித்தால் எழுந்து நடக்கும். வண்டியின் டிரைவர் ஓர் ஆடி மத்தியானம் அதை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய், சாப்பிட்ட அசதியில் ஒரு கண் அசந்து, திரும்பி வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் மேடு நின்றது. அவர் அன்றைக்கு மேற்கே பார்த்து நடந்தவர்தான், ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. நாற்பத்தாறு வருஷம் கழித்து அந்த மேடு நகர்ந்து போனபோது முதலில் புகைக்குழாய் தெரிந்தது, அப்புறம் சீட்டு தெரிந்தது, ஒரு மாதத்தில் முழு வண்டியும் சாப்பிடப் போனவருக்காகக் காத்திருந்த மாதிரி வெயிலில் நின்றது. நகர்ந்த மேடோ நேரே வந்து பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டது. மணலைத் தள்ள மணலே ஒரு வண்டியைக் கக்கியிருக்கிறது, இதை ஓட வைப்பதுதான் முறை என்று பஞ்சாயத்துத் தலைவர் வைத்தியலிங்கம் சொன்னார், ஊரும் தலையாட்டியது, எல்லோரும் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார்கள்.

சுயம்பு டீசல் மெக்கானிக். ஊரில் கிணற்று மோட்டாரிலிருந்து லாரி வரைக்கும் எதுவானாலும் அவன் கைபட்டுத்தான் ஓடியது. அவனுடைய குணம், ஒரு கோளாறு இருக்கிறதென்று காதில் விழுந்துவிட்டால் அதைத் தீர்க்காமல் சோறு இறங்காது. தெருவில் போகிறவனின் பைக்கை நிறுத்தி, "ஏலே, டேப்பட் சத்தம் கேக்கு, இப்படி ஓட்டிட்டுத் திரியுதியே" என்று அங்கேயே ஸ்பேனரை எடுத்து உட்கார்ந்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே, அவன் திறந்து பார்க்க முடியாத ஓர் இன்ஜின் இருந்தது. அவன் மனைவி தங்கபுஷ்பத்துக்குப் பதினாலு வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது நெஞ்சில் ஒரு வால்வுக் கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. காரணமில்லாமல் படபடவென்று ஏறும், காரணமில்லாமல் இறங்கும், சில சமயம் எதையோ மறந்துவிட்டவள் போல நடுவில் நின்றுவிட்டு அப்புறம் அடிக்கும். விடிந்ததும் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அவன் படுக்கையைவிட்டு எழுந்திருப்பான். பதினெட்டு வருஷமாகக் கேட்கிறான், பதினெட்டு வருஷமாகப் பயப்படுகிறான்.

இரண்டு வருஷம் பாடுபட்டு வண்டியைத் தேற்றினான். மணல் தின்ற பிஸ்டனை மாற்றினான், பட்டைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒவ்வொரு கண்ணியாகத் தட்டி எடுத்தான், பம்பைப் பிரித்துப் பூட்டினான், மஞ்சள் பெயின்ட் அடித்தான். கிளப்பிய நாள், முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த எட்டாம் நாள். எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, பெண்கள் கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் கயிறு கட்டிப் பூ வைத்தார்கள். முன்னால் ஒரு லாரியைக் கட்டி இழுக்க, வண்டி இரண்டு முறை இருமி, கரும்புகையைக் கொட்டி, தடதடவென்று எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்து நிமிஷம் கழியவில்லை, யாரும் தொடாமலே இன்ஜின் வேகம் ஏறியது, மேலே போய் ஒரு கணம் தயங்கியது, இறங்கியது, அணைந்துவிடுமோ என்னும் அளவுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. டீசல் வண்டிக்காரர்கள் இதை ஹண்டிங் என்பார்கள். தனக்கான வேகம் எதுவென்று தெரியாமல் இன்ஜின் தேடிக்கொண்டே இருப்பது.

மறுநாள் சனிக்கிழமை மருத்துவ முகாமில் நர்ஸ் ஸ்டெல்லா வயதானவர்களுக்கு நாடி பார்த்தாள். முதல் ஆளுக்கு வந்த எண்ணிக்கையே ஏழாவது ஆளுக்கும் வந்தபோது கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள். பதினைந்தாவது ஆளின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, தெற்கே கொல்லாமரத்தடியில் ஓடும் இன்ஜினுக்குக் காது கொடுத்துக் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு ரிஜிஸ்டரில் ஒரு பெயருக்கு நேராக விவரம் எழுதி, மற்றெல்லாப் பெயருக்கும் மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போனாள்.

ஊர் அதைத் தன் பாட்டில் உள்ளே இழுத்துக்கொண்டது. இன்ஜின் ஏறும்போது எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் சண்டை மூண்டது, இறங்கும்போது எல்லாச் சண்டையும் பாதி வசவில் நின்று, என்ன சொல்ல வந்தோம் என்று எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். கணக்கு வாத்தியார் இறங்கும் நேரம் பார்த்துப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு வாத்தியார் ஏறும் நேரத்துக்காக விசிலை வாயில் வைத்துக் காத்திருந்தார். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு, பெண் காப்பித் தட்டோடு வந்த நேரத்தில் இன்ஜின் ஏற, அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் அங்கேயே சரி என்றார். அவருடைய அப்பாவுக்கும், தாய்மாமாவுக்கும், கூட வந்த தரகருக்கும்கூட அப்படியேதான் அடித்தது. கால்வாய்ப் பாலம் தாண்டினால் இன்ஜின் சத்தம் கேட்காது. அங்கே போனதும் அவரவர் துடிப்பு அவரவருக்குத் திரும்பிவிடும், அதனால் பஸ் டிரைவர் செந்தட்டிவிளை எல்லைக்குள் யாரையும் ஏற்றவும் இறக்கவும் நிறுத்தாமல், பாலத்துக்கு அந்தப்பக்கம் போய் நிறுத்திப் பெருமூச்சு விட்டார்.

நாலாம் நாள் வண்டியை அணைத்துப் பார்ப்பதென்று முடிவானது. சுயம்பு டீசலை அடைக்கும் கம்பியை இழுத்தான். இன்ஜின் தணிந்துகொண்டே போக, நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள், ஸ்டெல்லா பிடித்திருந்த மணிக்கட்டில் நாடி நழுவியது, தலைவரின் உதடு நீலம் பாரித்தது. கண் இருட்டிக்கொண்டு வர, கடைசி மூச்சில் சுயம்பு கம்பியைத் தள்ளிவிட்டான். அதோடு அணைக்கிற பேச்சு நின்றது. தெருவுக்குத் தெரு முறை போட்டு, அன்றைக்கு யார் முறையோ அவர்கள் விடிந்ததும் ஒரு கேன் டீசலோடு கொல்லாமரத்தடிக்குப் போனார்கள்; பகலில் வண்டி மணலைத் தள்ளியது, மற்ற நேரம் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சுயம்புவுக்குத்தான் வேலையில் உயிர் போனது. ஓடுகிற வண்டியை ஓடவிட்டே கோளாறு பார்ப்பது, நடக்கிறவன் காலில் முள் எடுப்பது மாதிரி. டேங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறதா பார்த்தான், அடைப்பில்லை. டீசல் லைனில் காற்று ஏறியிருக்கும் என்று ஒவ்வொரு நட்டாகக் கசியவிட்டான், குமிழே வரவில்லை. இரட்டை ஃபில்டரில் ஒன்றை ஓடவிட்டு மற்றதை மாற்றினான். எந்த சிலிண்டர் சோம்புகிறது என்று அறிய டீசல் பீய்ச்சும் நாசில் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். மூன்றாவதைத் தளர்த்தியபோது ஊரில் எல்லோருக்கும் நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பு விட்டுப்போய், முறுக்குச் சுடும் சண்முகக்கனி எண்ணெய்ச் சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏ சுயம்பு, உனக்கு வெளையாட ஊரு நெஞ்சுதான் கெடச்சுதா? முறுக்கு ஒண்ணு செவக்கு, ஒண்ணு வெளுக்கு. இந்த ஏத்த எறக்கத்தோட ஒரு மனுசி எப்படி சீவிக்க?"

"பொறு மதினி, கவர்னர்தான் பாக்கி."

"யாரு, மெட்ராஸ்ல இருக்காவளே அவங்களா?"

"பம்புக்குப் பக்கத்துல இருக்கது, மதினி. வேகம் கூடுனா டீசலக் கொறைக்கும், கொறைஞ்சாக் கூட்டும். அதுக்கு ஒரு குச்சி இருக்கு, பாரு, ஆடிக்கிட்டே நிக்கி. அது எங்கயோ சிக்குது."

அந்தக் குச்சி விரல் கனமுள்ள இரும்புக் கம்பி. அதன் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டான், ஸ்பிரிங்கை இறுக்கினான், தளர்த்தினான், பழைய ஸ்பிரிங்கை எடைபோட்டுப் புதிதாக ஒன்று சுற்றினான். அதன் நடுவில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைச் சுற்றி மட்டும் மரியாதையாகத் துடைத்துவிட்டான், ஏனென்றால் சாமிக் கயிறு சாமிக் கயிறுதான், அது வண்டியின் பாகத்தில் சேர்த்தியில்லை. நாற்பது நாளில் நானூறு தடவை அவன் கண்ணில் அது பட்டது, ஒரு தடவைகூட அவன் அதைப் பார்க்கவில்லை.

அவனுக்கு ஊரைப் பற்றிய கவலை கால் பங்கு, புஷ்பத்தைப் பற்றியது முக்கால் பங்கு. நல்ல நெஞ்சு உள்ளவர்களே இந்த ஏற்ற இறக்கத்தில் சுருண்டு விழுகிறார்கள், இவள் எத்தனை நாள் தாங்குவாள் என்ற நினைப்பில் அவன் பிடியிலிருந்து ஸ்பேனர் நழுவிக்கொண்டே இருந்தது, மூன்று விரலில் காயம்.

"ஏட்டி, உடன்குடியில உன் தங்கச்சி வீட்டுல ஒரு மாசம் போயி இரியேன். அங்க சத்தம் கேக்காது."

அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படி ஏறிக்கொண்டிருந்தாள். "நான் எதுக்குப் போவணும்? எனக்கு என்ன கொறச்சல்?"

"குடத்தை எறக்கு மொதல்ல. டாக்டரு என்ன சொன்னாரு?"

"அவரு சொல்லிப் பதினெட்டு வருசம் ஆச்சு. நீங்க உங்க குச்சியப் போயிப் பாருங்க."

அவள் சிரித்தாள். ஊரில் குறைப்படாத ஒரே ஆள் அவள்தான் என்பதோ, ஒரு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறவள் நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டாள் என்பதோ அவனுக்குப் படவில்லை. அவன் காது முழுக்கத் தெற்கே இருந்தது; இன்ஜின் சற்று ஏறி, நின்று, இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனி முடியும்போது தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரையே காலிசெய்து பாலத்துக்கு அந்தப்பக்கம் போய்விடுவது. டேங்கில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் டீசல் விட்டு வைப்பது. கேட்கிற தூரத்தில் ஒரு நெஞ்சும் இல்லாதபோது வண்டி தானே அணையட்டும், அணைந்த பிறகு எல்லோரும் திரும்பி வந்து சொந்தத் துடிப்போடு வீட்டுக்குப் போகலாம். மனம் இளகி யாராவது டீசல் ஊற்றிவிடக் கூடாதென்று மிச்ச டீசல் டிரம்மையும் டிரெய்லரில் ஏற்றிப் பாலத்துக்கே கொண்டுபோவதென்றார். சுயம்புவுக்கு இது பிடிக்கவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்காமல் வண்டியைச் சாகவிடுவது அவனுக்குத் தோல்வி. ஆனால் புஷ்பத்தின் நெஞ்சு பிழைக்கும் என்று நினைத்து ஒத்துக்கொண்டான்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஊர் கிளம்பியது. மாட்டைப் பிடித்துக்கொண்டு, கோழியைக் கூடையில் கவிழ்த்துக்கொண்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, சண்முகக்கனி முறுக்கு உரலை மடியில் கட்டிக்கொண்டு, செம்மண் ரோட்டில் வரிசையாகப் போனார்கள். பாலத்தின் நடுவில் ஸ்டெல்லா ரிஜிஸ்டரோடு நின்று, தாண்டுகிற ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்தாள். எழுபத்திரண்டு, எண்பத்தெட்டு, அறுபத்தைந்து. இரண்டு மாதத்துக்குப் பிறகு மேற்படி போடாமல் எழுதினாள். தாண்டியவர்கள் ஆளுக்கொரு பக்கம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, தொலைத்த ஆட்டைக் கண்டுபிடித்தவர்கள் போலச் சிரித்தார்கள். ஆனால் ஒரு நிமிஷத்தில், பக்கத்தில் இருப்பவருக்கு எப்படி அடிக்கிறதென்று தெரியாமல் கொஞ்சம் கூச்சமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய புஷ்பத்தின் கையைப் பிடித்த ஸ்டெல்லா விடவேயில்லை. ஏறியது, நின்றது, இறங்கியது. நூறு அடி தள்ளி அழைத்துப்போய் மறுபடி பிடித்தாள்.

"அக்கா, உனக்கு இன்னும் மாறலியே. இங்க சத்தமே கேக்கல, உனக்கு மட்டும் இன்ஜின் ஓடுது."

"எனக்கு எப்பவும் இப்படித்தான் நர்சம்மா. பதினாலு வயசுலருந்து இதேதான். இந்த ரெண்டு மாசம்தான் எல்லாரும் என்கூடச் சேந்து ஓடுனீய, எனக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு."

ஸ்டெல்லா பையைக் கிளறிப் புஷ்பத்தின் பழைய அட்டையை எடுத்தாள். கால் வீக்கம், மயக்கம், மூச்சு வாங்குதல் என்று மாதாமாதம் எழுதியிருந்தது; வைகாசிக்குப் பிறகு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. நாடிக் குறிப்பைப் படித்தாள், ஊர் ரிஜிஸ்டரில் முதல் பெயருக்கு நேராகத் தான் எழுதியதைப் படித்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கடைசி ஆளாகச் சுயம்பு பைக்கில் வந்து சேர்ந்தான். "இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஓடும் தலைவரே" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவனை ஸ்டெல்லா தடுத்து, அட்டையை அவன் கையில் கொடுத்து, தான் கண்டதைச் சொன்னாள். ஊர் இன்ஜினைத் தொடர்ந்து ஓடியது, இன்ஜினோ புஷ்பத்தைத் தொடர்ந்து ஓடுகிறது. அவன் புஷ்பத்தைப் பார்த்தான். அவள் இடது மணிக்கட்டில் கொடைக்குக் கட்டிய காப்புக் கயிறு இன்னும் இருந்தது, பாதி நீளத்தில், முனை பிரிந்து.

"மீதி எங்கட்டி?"

"அன்னைக்கு எல்லாரும் கயிறு கொண்டாந்திருந்தாவ, நான் மறந்துட்டேன். வெறுங்கையோட நிக்கவா முடியும்? என் காப்புல பாதிய அறுத்துக் கட்டிட்டேன்."

"எதுல?"

"நீங்க எப்பவும் சொல்லுவியளே, அந்தக் குச்சியில. வண்டி கெளம்புனதும் அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே நின்னுச்சு, பாக்கப் பாவமா இருந்துச்சு. நம்மளப் போலன்னு நெனச்சேன்."

 டேங்க் மூடி, ஃபில்டர், நாசில், ஸ்பிரிங் எல்லாம் சுயம்புவின் கண்முன்னே ஓடி, கடைசியில் அந்த மஞ்சள் கயிறு வந்து நின்றது. இன்ஜின் அணைந்தால் யாருடைய நெஞ்சு அணையும் என்று அவனுக்குத் தெரிந்தது. புஷ்பத்துக்கும் அந்தக் கணமே தெரிந்துபோனது, பயத்தில் அவள் நெஞ்சு ஏறியது, அவள் ஏறினால் அங்கே கொல்லாமரத்தடியில் யாரும் இல்லாத இடத்தில் இன்ஜினும் ஏறும், ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்து டீசலைக் கால் மணி நேரத்தில் குடித்துவிடும். இதைக் கணக்குப்போடச் சுயம்புவைப் போல மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை, பாலத்தில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. அவன் டிரம்மிலிருந்து ஒரு கேனை நிரப்பிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

"கயித்த அறுத்துப் போட்டுரு வே, எல்லாருக்கும் விடிஞ்சிரும்" என்று தலைவர் பின்னாலிருந்து கத்தினார்.

"அறுத்தா இவளுக்கு என்னாவும்னு எனக்குத் தெரியாது தலைவரே" என்று ஸ்டெல்லா அவரைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

பாலத்தை அடுத்த புளியமரத்தைத் தாண்டும்போது சுயம்புவின் நெஞ்சில் இன்ஜின் வந்து ஏறிக்கொண்டது. தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது அது, கொல்லாமரத்தை நெருங்கும்போது இருமியது, இருமலோடு அவனுக்கும் மூச்சு அடைத்தது. கேனைத் தூக்கி டேங்கில் கவிழ்ப்பதற்குள் லைனில் காற்று ஏறிவிட்டது. காற்றை வெளியேற்றும் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினான், அழுத்தினான், நுரைதான் வந்தது. இன்ஜின் தணிந்தது. அவனும் தணிந்தான், முழங்கால் மடங்கி வண்டிப் பட்டையில் சாய்ந்தான். முகத்துக்கு நேரே கவர்னர் குச்சி. அதில் எண்ணெயில் கறுத்துப்போன கயிறு, இரண்டு முடிச்சு, அவள் போடுகிற முடிச்சு. சட்டைப்பையில் கட்டிங்பிளேயர் இருந்தது. ஒரு நறுக்கு போதும், குச்சி விடுபடும், காற்றையும் மீறி இன்ஜின் பிடித்துக்கொள்ளும், இரண்டு வருஷப் பாட்டுக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்த இன்ஜின் ஒழுங்காக ஓடுவதை அவன் கேட்டுவிடலாம். அவன் கை சட்டைப்பைக்குள் போனது. வாழ்நாள் முழுக்கக் கோளாறைத் தேடியவன் கோளாறு கையில் கிடைத்தபோது அழுதான். கையை வெறுமனே வெளியே எடுத்து, மறுபடி கைப்பம்பில் வைத்து, வலு இல்லாத விரலால் அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு மனுஷ நெஞ்சும் ஒரு கிழட்டு இன்ஜினும், இரண்டும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன.

பாலத்தில் புஷ்பம் சாய்ந்துவிட்டாள். ஸ்டெல்லா தாங்கிக்கொண்டாள்.  சொந்தத் துடிப்பு திரும்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஆளாளுக்கு அவரவர் நெஞ்சு அருமையாக இருந்தது, அதை விட்டுவிட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? முதலில் சண்முகக்கனிதான் முறுக்கு உரலை இடுப்பில் ஏற்றினாள்.

"எனக்கு அங்க மாவு பெசஞ்சது பெசஞ்சபடி கெடக்கு" என்று யாரிடமோ எரிந்து விழுந்தாள். "ஒருத்தி தனியாச் சொமந்திருக்கா இத்தன வருசமா, நாம ஆளுக்குக் கொஞ்சமாச் சொமக்க முடியாமலா போச்சு? நடங்க வே, என்ன நிக்கிய?"

நடந்தாள். திட்டிக்கொண்டேதான் நடந்தாள். அவள் பின்னால் கணக்கு வாத்தியார், அவர் பின்னால் கட்டிலைத் தூக்கியவர்கள், மாடுகள், கோழிக்கூடைகள், கடைசியாகத் தலைவரும், புஷ்பத்தைக் கிடத்திய ஆட்டோவும். நடை ஓட்டமானது. எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். ஏழு குடும்பம் பாலத்துக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, அவர்களையும் யாரும் குறை சொல்லவில்லை.

கண்ணை மூடிக் கிடந்த சுயம்புவின் காதில் இன்ஜின் ஒரு பிடி ஏறியது. நட்டு வழியாக இன்னும் நுரைதான் வந்துகொண்டிருந்தது, அப்படியானால் இது டீசலால் இல்லை. இன்னொரு பிடி ஏறியது. தலையைத் திருப்பினான். செம்மண் ரோட்டில் புளியமரத்தடியில் ஒவ்வொருவராகக் கேட்கிற தூரத்துக்குள் வந்து விழுந்தார்கள், ஒவ்வொருவர் வந்து சேரச் சேரப் புகைக்குழாயில் ஒரு பிடி சத்தம் கூடியது, பத்துப் பேர், ஐம்பது பேர், இருநூறு பேர். நானூறு பேர் வந்தபோது நுரை அடங்கிக் குழாயில் சுத்தமான டீசல் பீறிட்டது. அவன் நட்டை முறுக்கினான். இன்ஜின் ஏறியது, மேலே போய்த் தயங்கியது, இறங்கியது, அணையாமல் மறுபடி ஏறியது. ஆட்டோவில் புஷ்பம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

அதற்குப் பிறகு சுயம்பு அந்த வண்டியில் கோளாறு பார்க்கவில்லை. வருஷா வருஷம் கொடைக்குப் புதுக் காப்புக் கட்டும்போது புஷ்பம் பாதியை அறுத்துக் குச்சியில் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுத்தாள். பள்ளிக்கூடச் சுவரிலிருந்து மணல் போய்விட்டது. மதிய நேரத்தில் யாராவது இன்ஜின் தாறுமாறாக ஏறுவதைக் கேட்டால், "புஷ்பத்துக்கு என்ன வேல கொடுத்திய?" என்று சுயம்புவை வசை பாடினார்கள், ஒரே சீராக இறங்கியிருந்தால், அவள் கண் அசந்திருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்தினார்கள்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் மதுரையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பழைய டிராக்டர்களைத் தேடித் தேடிப் பழுது பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. வெள்ளைச் சட்டையில் கறைபடுவதைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டிக்கடியில் படுத்து எழுந்தார். ஊர் சுற்றி நின்றது. புஷ்பமும் வந்து ஓரமாக நின்றாள்.

"அருமையா எடுத்துக் கட்டியிருக்கீங்க. ஆனா இந்த ஹண்டிங்கை எப்படி விட்டுவெச்சீங்க? இவ்வளவு தெரிஞ்ச ஆள்!"

"அது அப்படித்தான் ஓடும் சார்" என்றான் சுயம்பு.

"அப்படி ஒரு இன்ஜினும் ஓடாது. கவர்னர் லிங்க்ல எதோ பிடிக்குது." அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு அது சாமிக் கயிறாகத் தெரியவில்லை, குச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறாகத் தெரிந்தது. "அட, இதானா! இதை யாருமே பாக்கலையா?" என்று சிரித்து, சட்டைப்பையிலிருந்து சின்ன மடக்குக் கத்தியை விரித்து, முனையை முடிச்சுக்கடியில் நுழைத்தார்.

இன்ஜின் அலறியது. மூன்று வருஷத்தில் அப்படி ஏறியதில்லை. அறுநூறு நெஞ்சும் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டன, நாய்கள் எழுந்து நின்றன, மதுரைக்காரருக்கு நெற்றியில் வியர்வை பொங்கியது. எதற்கென்றே தெரியாத ஒரு பெரிய பயத்தில் தன் நெஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. ஓரமாக நின்ற புஷ்பம் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"பயந்துராதிய சார். அது உங்க பயம் இல்ல, என் பயம்" என்றாள். "கத்திய மடக்குங்க, எறங்கிரும்."